வீல் என்றால் நலம்

மே 3, சனி

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. நாலு மாதமாக இதற்குள் ரேஷன் கார்டுதான் படுத்துக் கிடந்தது. இன்று எழுதத் தக்க ஒன்று நடந்துவிட்டதால் கார்டை எடுத்து எங்கோ வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சௌந்தரம் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் மூன்று பேர் வந்தார்கள். தலை நரைத்துத் தொப்பை போட்ட ஆட்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக என் காலில் விழுந்தார்கள். ஏதோ தேர்தல் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் முகம் பிடிபட்டது. என் பத்தாம் வகுப்புப் பையன்கள், தொண்ணூற்றிரண்டில் முடித்தவர்கள். முன்னால் நின்றவன் நாச்சிமுத்து. இப்போது பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். ஜூன் ஒன்றாம் தேதி தளி ரோட்டு மண்டபத்தில் பழைய மாணவர் சந்திப்பாம். நான்தான் சிறப்பு விருந்தினர்.

"சார் அடிச்ச அடிதானுங்க எங்கள மனுசனாக்குச்சு" என்றான் நாச்சிமுத்து. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். முப்பத்துமூன்று வருடம் ஆங்கிலம் நடத்தியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆங்கிலத்தைப் பற்றி மூவருமே ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

என் மகன் மோகன்குமாரும் அதே வகுப்பில் படித்தவன்தான். அவனைக் கூப்பிட்டீர்களா என்று சும்மா கேட்டு வைத்தேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாட்ஸப் குரூப்பில் இருக்கிறானாம், வாயைத்தான் திறப்பதில்லையாம். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் பெரிய இன்ஜினியர், அவனுக்கு எங்கே நேரம் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 4, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மோகன் போன் செய்வான். நான் எடுத்தால் "அம்மா இல்லீங்களா?" என்பான். கொடுத்துவிடுவேன். இன்றும் அப்படித்தான்.

சௌந்தரத்துக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஆபரேஷன். அதற்குப் பிறகு மகன் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும் என்பது ஏற்பாடு. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "இனிமே அங்கயேதானுங்க" என்றாள். என்னைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்கும் இங்கே வேலை இருக்கிறது. வாழைக்கும் செம்பருத்திக்கும் யார் தண்ணீர் விடுவது?

ஆனால் ஒன்று. நாச்சிமுத்து மாதிரி நாலு பேர் மேடையேறிச் சொல்வதை மோகன் ஒருமுறை தன் காதால் கேட்க வேண்டும். ஊரே கும்பிடுகிற ஆளை அவன் மட்டும் இன்னும் எத்தனை நாளைக்குத் தள்ளி வைத்திருப்பான்? "நீங்களும் வாங்கப்பா" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. அதற்காகவே அவன் அந்த விழாவுக்கு வர வேண்டும்.

மே 6, செவ்வாய்

பேச்சு தயாரிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கடைசி வகுப்பில் யாரும் கேள்விப்படாத ஒரு ஆங்கிலச் சொல்லைப் பரிசாகக் கொடுத்து அனுப்புவது என் வழக்கம். சின்னச் சொல்லாக இருக்கும், அர்த்தம் பெரியதாக இருக்கும். விழாவிலும் அதையே செய்யலாம் என்று முடிவு.

சொல் கிடைத்துவிட்டது. டபிள்யூ, ஈ, ஏ, எல். வீல். நலம், க்ஷேமம் என்று பொருள். பொது நலம் என்பதற்குப் பழைய இலக்கணப் புத்தகத்தில் இந்தச் சொல்லைத்தான் போட்டிருப்பான். இப்போது வெள்ளைக்காரனே மறந்துவிட்டான்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சௌந்தரத்திடம் சொல்லிப் பார்த்தேன். "வீல்னா கொழந்தைக கத்தற சத்தமில்லீங்களா?" என்றாள். அது தமிழ், இது ஆங்கிலம் என்று விளக்கினேன். பீன்ஸ் முற்றல்.

மே 7, புதன்

கரண்ட் இல்லை. மாவு ஆட்டமுடியாமல் ஊறின உளுந்து புளித்துப் போனது.

மே 9, வெள்ளி

மேடையில் பேசுகிறவன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கிளை நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை இறக்கச் சொன்னேன். நூலகத்தில் இருந்த பெண் தூசி தட்டிக் கொடுத்தாள். பல வருடமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

நான் நினைத்தது சரிதான். செல்வம், நலம், நாடு என்று மூன்றையும் போட்டிருக்கிறான். செல்வம் என்பதும் நாடு என்பதும் வழக்கொழிந்துவிட்டனவாம், நலம் மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. அருமை என்று மூடப்போனேன். கீழே அதே சொல் இன்னொரு முறை, தனிப் பதிவாக. பிரம்பாலோ சாட்டையாலோ அடித்தால் தோலில் சிவந்து தடித்து எழும்புகிற கோடு.

இந்த அகராதிக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு குடும்பத்தைக் குடிவைத்திருக்கிறார்கள். நல்லவேளை, இரண்டுக்கும் வேர் வேறு என்று அவனே தெளிவாகப் போட்டிருக்கிறான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் சொல்லவில்லை, அகராதி சொல்கிறது.

என்ன சொல் தேடினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நலம் என்றேன்.

மே 12, திங்கள்

நாச்சிமுத்து அழைப்பிதழ் கொண்டுவந்தான். என் பெயருக்கு முன்னால் நல்லாசிரியர் என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த விருது எனக்குக் கிடைத்ததில்லை. திருத்தச் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது.

நிகழ்ச்சி நிரலில் கடைசியாக "பிரம்படி" என்று இருந்தது. என்னப்பா இது என்றேன். இப்போதெல்லாம் எல்லாச் சந்திப்பிலும் இது உண்டாம். பழைய வாத்தியார் கையில் பிரம்பைக் கொடுத்து, பேரன் எடுத்தவர்கள்கூட வரிசையில் நின்று கையை நீட்டி ஆளுக்கொரு அடி வாங்கிக்கொள்வார்களாம். போட்டோ, வீடியோ, ஒரே சிரிப்பாம். பழனிக்குப் போய்ப் புதுப் பிரம்பே வாங்கிவிட்டார்கள். ரிப்பன் கட்டப்போகிறார்களாம். சௌந்தரம் காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

என் பிரம்புக்கு நான் விளக்கெண்ணெய் தடவி வைத்திருந்த காலத்தை நாச்சிமுத்து ஞாபகப்படுத்தினான். சார் கையில் பிரம்பு ஏறிவிட்டால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்களாம். சிரித்தேன். அழுதால் இரங்குகிற வாத்தியாரிடம் எவன் படிப்பான்? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். நான் ஆள் பார்த்து அடித்ததில்லை. சொந்த மகன் வகுப்பில் இருந்தபோது, வாத்தியார் பிள்ளைக்குச் சலுகை என்று ஒரு நாக்கும் பேசக்கூடாது என்பதற்காக அவனுக்குக் கொஞ்சம் சேர்த்தே கொடுப்பேன். நேர்மை என்பது வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மே 18, ஞாயிறு

மோகன் போன். நான்தான் எடுத்தேன். அவன் அம்மாவைக் கேட்பதற்குள் விழாவைச் சொல்லிவிட்டேன். பாக்கறனுங்க என்றான். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஒரு உடன்பாடு, இலக்கணம் அப்படித்தான்.

மே 21, புதன்

பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பேச்சை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். நலம் என்ற சொல்லில் ஆரம்பித்து, ஆசிரியன் அடிப்பதும் மாணவன் நலத்துக்கே என்று முடிகிறது. எனக்கே கண் கலங்கியது. அடுத்த அறையில் சௌந்தரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. அகராதீல ரெண்டாவதா ஒண்ணு போட்டிருக்குதுன்னீங்களே, அதையும் சொல்லுவீங்களா?"

அவளிடம் சொன்னது என் தப்பு. சபை குழம்பிவிடும், அது தேவையில்லை என்றேன். அவள் மடித்த வேட்டியை மறுபடி உதறி மடித்தாள்.

"மோகனுக்கு அன்னிக்கு முதுகு பூராக் கோடு கோடா எந்திரிச்சு நின்னப்ப, அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தேங்காண்ணெ தடவத்தான் தெரிஞ்சுது."

பழைய கதை. அரைப் பரீட்சையில் அவன் காலடியில் பிட்டுக் காகிதம் கிடந்தது. பரீட்சை அறைக்கு நான்தான் கண்காணிப்பு. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மகனே பிட்டு அடித்தால் நான் என்ன செய்யமுடியும்? உள்ளங்கையில் ஆரம்பித்தேன், அவன் கையை மூடிக்கொண்டதால் முதுகுக்குப் போயிற்று. கல்லுளிமங்கன் மாதிரி நின்றான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே விட்டிருப்பேன்.

இத்தனை வருடம் கழித்து அதைக் கிளறுகிறாள். பெண்களுக்கு ஞாபகசக்தி வேண்டாத இடத்தில் வேலை செய்யும். இன்று வெயில் கடுமை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி.

மே 25, ஞாயிறு

மோகன் போன். சௌந்தரமே எடுத்துவிட்டாள். வருகிறானாம். அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்து வைக்கச் சொன்னேன். முட்டி வலிக்குதுங்க, நான் வரல என்றாள். பிறகு அவன் வருவதால் வருகிறேன் என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது, நிரம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

மே 31, சனி

முடிவெட்டிக்கொண்டேன். ரேஷன் கார்டு கிடைத்துவிட்டது, என் அகராதிக் குறிப்போடு சேர்த்து வைத்திருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மோகன் காரிலேயே எங்களைக் கூட்டிப்போனான். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தான். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுத் தான் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். சால்வை, சந்தன மாலை, கேடயம் எல்லாம் ஆயிற்று. பேச்சு நன்றாக அமைந்தது. வீல் என்றால் நலம் என்றதும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் மோகன் இருந்த பக்கமே பார்த்துப் பேசினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பிரம்பு வந்தது. சிவப்பு ரிப்பன் சுற்றி, தாம்பாளத்தில் வைத்து. நாச்சிமுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டான். முதல் அடி தனக்குத்தான் சேரவேண்டும், அதற்கு ஒரு காரணம் உண்டு என்றான்.

"பத்தாவது அரைப் பரீச்சைல பிட்டு எழுதீட்டுப் போனது நானுங்க சார். நீங்க ரவுண்டு வர்றதப் பாத்துட்டு, காலால மோகன் பக்கம் தள்ளி உட்டுட்டனுங்க. வாத்தியார் பையன், அவன அடிக்கவா போறாருன்னு நெனச்சேன். அந்தக் கடன இன்னிக்குக் குடுத்துருங்க சார்."

மண்டபமே சிரித்தது. சிலர் விசில் அடித்தார்கள். மோகன் காட்டிக்கொடுக்காத தங்கமான நண்பன் என்று சொல்லி நாச்சிமுத்து அவனுக்காக ஒருமுறை கை தட்டச் சொன்னான், தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வீடியோவில் பார்த்தால் தெரியும். சௌந்தரம் இருந்த பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை.

வரிசை வந்தது. நாச்சிமுத்து, பேங்க் மேனேஜர், பஞ்சாயத்துத் தலைவர், லாரி வைத்திருக்கிறவன். கையை நீட்டுவது, நான் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டுத் தட்டுவது, அவன் ஐயோ என்று நடிப்பது, போட்டோ. எல்லாருக்கும் ஒரே குஷி. அப்புறம் யாரோ, மோகனும் வரணும் என்று சத்தம் போட்டார்கள். நாலு பேர் பின்வரிசைக்குப் போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார்கள்.

அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினான். நான் பிரம்பைத் தூக்கினேன். தூக்கத்தான் செய்தேன், இறக்கவில்லை. அதற்குள் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. நீட்டின கை தானாக மூடிக்கொண்டது. ஐம்பது வயது ஆள். தலையில் பாதி வெள்ளை.

போட்டோகிராபர், அடிங்க சார், அடிங்க சார் என்று கத்திக்கொண்டிருந்தான். என் கை மேலேயே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மோகன் கண்ணைத் திறந்தான். என் கையிலிருந்த பிரம்பை மெதுவாக வாங்கித் தாம்பாளத்தில் வைத்தான்.

"போதுமுங்கப்பா. உங்களுக்குக் கை வலிக்கும். உக்காருங்க" என்றான்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள்.

திரும்பும்போதும் மோகன் காரில்தான். பஸ் ஸ்டாண்டு தாண்டினதும் அவனாகவே, நல்ல வார்த்தை சொன்னீங்கப்பா, போன்ல போட்டுப் பார்த்தேன், ரெண்டு அர்த்தம் காட்டுது என்றான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, வேர் வேறு என்றேன். அப்படீங்களா என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினான். சௌந்தரம் பின்சீட்டில் என் சால்வையை மடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 2, திங்கள்

உடம்பு சரியில்லை. கஞ்சி.

ஜூன் 6, வெள்ளி

மோகன் வந்து சௌந்தரத்தைக் கூட்டிப்போனான். அவள் சாமான்கள் ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை, வெந்நீர்ப் பை. நான் காலையிலேயே குளித்து வெளுத்த வேட்டி கட்டியிருந்தேன். வழியனுப்புகிறவன் அழுக்கு வேட்டியில் நிற்கமுடியாது. டிக்கியை மூடும்போது அதில் இன்னொரு சூட்கேஸுக்கு இடம் இருந்தது. சும்மா கவனித்தேன், அவ்வளவுதான்.

ரசப்பொடி எந்த டப்பாவில், காஸ் புத்தகம் எந்த அலமாரியில் என்றெல்லாம் சௌந்தரம் சொல்லிக்கொண்டே ஏறினாள். மோகன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்குங்க என்றான். எனக்குச் சொன்னான்.

வண்டி போன பிறகு செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். காலையிலேயே விட்டிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

போன் வரவில்லை. அம்மாதான் அவனோடு இருக்கிறாளே, அவன் ஏன் கூப்பிட வேண்டும்?

ஜூன் 10, செவ்வாய்

நாச்சிமுத்து விழாப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தான். எத்தனையோ படங்களில் அவர்கள் தேர்ந்தெடுத்தது அதுதான். தந்தையும் மகனும், நல்ல சென்டிமென்ட் என்றான். என் கை பிரம்போடு மேலே நிற்கிறது. சுற்றி எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மோகன் நடுவில் நிற்கிறான். கீழே தங்க எழுத்தில் "எங்களைச் செதுக்கிய கைகள்" என்று போட்டிருக்கிறது.

நாச்சிமுத்துவுக்கு ஒரு குறை. "மோகன் மட்டும் கண்ண மூடீட்டானுங்க சார். ஸ்டூடியோவுல குடுத்தாக் கம்ப்யூட்டர்ல தெறந்த மாதிரி பண்ணிக் குடுத்துருவாங்க. பண்ணச் சொல்லட்டுங்களா?"

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். எங்கே மாட்டட்டும் என்று கேட்டு ஆணியும் சுத்தியலும் எடுத்தான். அதையும் வேண்டாம் என்றேன். படத்தைச் சுவர் பக்கம் திருப்பி பீரோ ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், அதையும் அவன்தான் சொன்னான். குரூப்பில் மோகன் போட்டிருந்தானாம்.

ஜூன் 13, வெள்ளி

ரசம் வைத்தேன். ரசப்பொடி டப்பாவில் இருந்தது மல்லிப்பொடி.

ஜூன் 15, ஞாயிறு

இன்று நானே கூப்பிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. எண்ணைப் போட்டுவிட்டு இரண்டு தடவை வைத்துவிட்டேன், மூன்றாவது தடவை மணி அடித்துவிட்டது. மோகன் எடுத்தான்.

அம்மா பிசியோதெரபிக்காரரோடு நடந்துகொண்டிருக்கிறாள், முடிந்ததும் பேசச் சொல்கிறேன் என்றான். அம்மா வேண்டாம், உன்னிடம்தான் பேச வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேள்வி கேட்டுவிட்டு வகுப்பில் நின்ற நாட்களில் இந்த மாதிரி அமைதியை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் பதில் தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

எழுதி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்திருக்கலாம். முப்பத்துமூன்று வருடம் பேசியே சம்பாதித்தவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் இதுதான் வந்தது:

"அன்னைக்கு ஏன் மோகா ஒரு வார்த்த சொல்லல? நான் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பனே."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சொன்னனுங்கப்பா" என்றான். "ஒவ்வொரு அடிக்கும் சொன்னேன்."

போனை அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் சௌந்தரம் மெதுவாக நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.